இயற்கைப் பாதுகாப்புப் படிப்பும் வேலையும்: தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பு முடியும் நேரத்தில் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வீட்டுக்கு வரும். பத்தாம் வகுப்பில் எந்தெந்தப் பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கும் தாள். அதில் ஒரு கட்டத்தில் கணிதம், பக்கத்துக் கட்டத்தில் கணித எழுத்தறிவு என்ற எளிய கணக்குப் பாடம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெர்பேங்கிலும் எத்தனையோ வீடுகளில், மொத்த மதிப்பெண் குறைந்துவிடக் கூடாதே என்று எளிதான கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். விலங்கு, பறவை, காடு, கடல் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த ஒரு டிக் பாதி வழியை அடைத்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி பல்கலைக்கழக வாசலில் தொடங்கவில்லை. அந்தப் படிவத்தில் தொடங்குகிறது.

முதலில் பிரியும் இரண்டு பாதைகள்

இயற்கைப் பாதுகாப்பு என்றால் ஒரே படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்றில் ஏறி நடுவழியில் மற்றதற்கு மாறலாம், ஆனால் ஓரிரு வருடம் கூடுதலாகப் போகும்.

முதல் பாதை இயற்கைப் பாதுகாப்பு டிப்ளோமா. மூன்று வருடம், 360 கிரெடிட், படிப்புகளின் தரத்தை வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் 6ஆம் நிலை. ஒரு காப்பகத்தை நடத்தும் ஆளை உருவாக்கும் படிப்பு இது. வேலி, தீ, அயல் செடிகள், விலங்குகளைப் பிடித்து இடம் மாற்றுவது, சட்டம், பட்ஜெட், ஆட்களை வேலை வாங்குவது எல்லாம் இதில் வரும். இதோடு களப்பயிற்சியும் பாடத்திட்டத்திலேயே சேர்ந்திருக்கும்.

இரண்டாவது பி.எஸ்சி. பட்டம். வழக்கமாக மூன்று வருடம், 7ஆம் நிலை. விலங்கியல், தாவரவியல், சூழலியல், புள்ளியியல் படிப்பீர்கள். கேள்வி கேட்டு, தரவு சேகரித்து, பதில் கண்டுபிடிக்கும் ஆளை உருவாக்குவது இது. ஆனால் மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது கடினம். ஆனர்ஸ் என்ற நான்காவது வருடம் முடித்தால்தான் 8ஆம் நிலை வரும். அதைத்தான் தொழில்முறைப் பதிவுக்குக் கேட்கிறார்கள். ஆகவே பி.எஸ்சி. பாதையை வீட்டில் பேசும்போதே நான்கு வருடம் என்று கணக்குப் போடுங்கள்.

டிப்ளோமா முடித்தவருக்கும் மேலே ஏணி உண்டு. ஒரு வருட உயர் டிப்ளோமா (7ஆம் நிலை), பிறகு முதுநிலை டிப்ளோமா (8ஆம் நிலை), அதன் பிறகு முதுகலை. டிப்ளோமா படித்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று அத்தை மாமா சொல்வது சரியில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளை வெயிலில் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்வதை விரும்பினால், முடிவெடுப்பதை விரும்பினால் டிப்ளோமா. 'ஏன் இப்படி நடக்கிறது' என்று துருவிக்கொண்டே இருக்கும் பிள்ளை, கணக்கிலும் பின்வாங்காத பிள்ளை என்றால் பி.எஸ்சி. விலங்குகளை நேசிப்பது இரண்டுக்கும் பொது. அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

பாடமும் மதிப்பெண்ணும்

பத்தாம் வகுப்பில் எடுக்க வேண்டியவை: கணிதம், உயிர் அறிவியல், புவியியல். பி.எஸ்சி. நோக்கம் இருந்தால் இயற்பியல்-வேதியியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மொழியாக ஜூலு இருந்தால் மிக நல்லது. அதைப் பற்றித் தனியாகக் கீழே.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் நிலை தருவார்கள். 40 முதல் 49 சதவீதம் வரை 3ஆம் நிலை, 50 முதல் 59 வரை 4, 60 முதல் 69 வரை 5, 80க்கு மேல் 7. டிப்ளோமாவுக்குத் தகுதி பெற நான்கு முக்கியப் பாடங்களில் குறைந்தது 3ஆம் நிலையும், பட்டப்படிப்புக்கு நான்கில் 4ஆம் நிலையும் வேண்டும். இது நாடு முழுவதற்கும் பொதுவான அடிப்படை. பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலேதான் கேட்கும். அறிவியல் பட்டத்துக்குக் கணிதத்தில் 5ஆம் நிலை வரை கேட்பது சாதாரணம்.

இந்த நிலைகளைக் கூட்டி வருவதுதான் ஏ.பி.எஸ். என்ற சேர்க்கைப் புள்ளி. ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் 5, ஜூலு 6, கணிதம் 4, உயிர் அறிவியல் 5, புவியியல் 5, ஆறாவது பாடம் 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30. பலர் தடுக்கி விழும் இடம் வாழ்க்கைத் திறன் பாடம். அதில் பெரும்பாலும் 6, 7 வந்துவிடும், அதையும் கூட்டி 37 என்று வீட்டில் மகிழ்ந்துவிடுவார்கள். பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தைப் புள்ளியில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டும் முறை வேறு. அந்தந்த இடத்தின் கையேட்டைப் பார்த்துக் கூட்டுங்கள்.

ஏற்கெனவே கணித எழுத்தறிவு எடுத்தாகிவிட்டதா? பத்தாம் வகுப்பின் தொடக்கத்தில் இருந்தால் பள்ளியோடு பேசி மாற்றப் பாருங்கள். தாமதமாகிவிட்டால் கணித எழுத்தறிவை ஏற்கும் டிப்ளோமாக்களைத் தேடுங்கள். அவற்றில் அந்தப் பாடத்துக்குக் கூடுதல் நிலை கேட்பார்கள்.

எங்கே படிக்கலாம்

டர்பன்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது உம்லாசியில் உள்ள மங்கோசுத்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இயற்கைப் பாதுகாப்பு டிப்ளோமா அங்கே உண்டு. பிரிட்டோரியாவில் ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கேப் டவுனில் கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஜார்ஜ் நகரில் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஆகியவையும் டிப்ளோமாவுக்குப் பெயர் பெற்றவை. கேப் டவுனில் கடல் அறிவியலுக்கும் டிப்ளோமா இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் யூனிசா பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியில் இதே டிப்ளோமாவைத் தருகிறது. ஆனால் அதில் களப்பயிற்சி இடத்தை நீங்களே தேட வேண்டும்.

பட்டத்துக்கு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டெல்லன்போஷில் பாதுகாப்புச் சூழலியலுக்கென்றே நான்கு வருடப் பட்டம் உண்டு. மீன், நன்னீர் உயிரினங்களில் நாட்டம் இருந்தால் மக்காண்டாவில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகம். முதுகலைக்குப் போகும்போது கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்பேட்ரிக் நிறுவனத்தை மறக்காதீர்கள். பறவை ஆய்விலும் பாதுகாப்பு உயிரியலிலும் ஆப்பிரிக்காவின் முன்னணி இடங்களில் ஒன்று.

க்ரூகர் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி, ஓர்பன் வாயிலுக்கு அருகில் தெற்கு ஆப்பிரிக்கக் காட்டுயிர்க் கல்லூரி இருக்கிறது. 1996இல் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து ரேஞ்சர்களும் அதிகாரிகளும் அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள்.

தனியார் கல்லூரிகளில் சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். உயர்கல்வித் துறையில் பதிவு எண் என்ன? இந்தப் படிப்பின் எண் தேசியத் தகுதி ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா? அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது. எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். பிள்ளையின் ஆசையை வைத்து, "தன்னார்வலர் அனுபவம்" என்ற பெயரில் பெரும் தொகை வாங்கி, கையில் ஒரு வண்ணச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் இடங்களும் உண்டு. அதை வேலைக்கு எடுப்பவர் மதிக்க மாட்டார்.

விண்ணப்பமும் பணமும்

1. பதினோராம் வகுப்பின் இறுதி மதிப்பெண்ணே முதல் சேர்க்கைக் கடிதத்தை முடிவு செய்யும். மெட்ரிக் முடிவு வரும் ஜனவரியில் அது உறுதியாகும். எனவே பதினோராம் வகுப்பை ஓய்வெடுக்கும் ஆண்டாக விடக் கூடாது.

2. குவாசுலு-நேட்டாலில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். பொதுவாகச் செப்டம்பர் முடிவோடு கதவு மூடும். விரும்பும் வரிசையில் படிப்புகளை எழுதச் சொல்வார்கள். முதலிடத்தில் இயற்கைப் பாதுகாப்பை எழுதுங்கள். ஐந்தாவது இடத்தில் எழுதிவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று வருந்திப் பயனில்லை. மற்ற மாகாணங்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

3. அடையாள அட்டையும் மதிப்பெண் தாளும் சான்றளித்த நகலாக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. தபால் நிலையத்திலோ காவல் நிலையத்திலோ ஒரே தடவை பத்து நகல் முத்திரை வாங்கி வையுங்கள்.

4. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6,00,000 ராண்ட். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் இது தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். வராது. இது தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள்.

5. பதினேழு வயதானதும் ஓட்டுநர் பழகுநர் உரிமம் எடுத்துவிடுங்கள். பதினெட்டில் முழு உரிமம். கையால் கியர் மாற்றும் வண்டியில் எடுங்கள், காப்பகத்து பக்கிகள் (பின்னால் சுமை ஏற்றும் சிறு வண்டிகள்) பெரும்பாலும் அப்படித்தான். உரிமம் இல்லாததால் மட்டுமே களப்பயிற்சி இடம் நழுவிப்போவது வருடாவருடம் நடக்கிறது.

பள்ளியில் இருக்கும்போதே கையில் ஒரு பதிவு

நேர்காணலில் "எனக்கு இயற்கை பிடிக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். "இந்த இடத்தில் இரண்டு வருடமாகப் பறவைகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன், இதோ" என்று சொல்பவர் அரிது. அதற்கு ஒரு சல்லிக்காசு தேவையில்லை.

2007இல் தொடங்கிய தெற்கு ஆப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இதற்குச் சிறந்த பள்ளி. நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் அகலக்கோட்டில் ஐந்து நிமிடம், நெடுங்கோட்டில் ஐந்து நிமிடம், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். அதற்குப் பென்டாட் என்று பெயர். முறையாகப் பதிவு செய்து, 'பேர்ட்லாசர்' செயலியைக் கைபேசியில் போட்டுக்கொண்டு, உங்கள் வீடு இருக்கும் கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் தீவிரமாகப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் வெவ்வேறு வாழிடங்களுக்கெல்லாம் போக வேண்டும்: ஓடைக்கரை, புல்வெளி, தோட்டம், குளம். எந்தப் பறவையை முதலில் பார்த்தீர்களோ அது முதலில், அடுத்தது அடுத்து. அந்த வரிசைக்கு மதிப்பு உண்டு, அதிகமாக இருக்கும் பறவை பொதுவாகப் பட்டியலில் மேலே வரும். ஒரு அட்டையை, அதாவது ஒரு பட்டியலை, ஐந்து நாள் வரை நீட்டலாம்.

தொடக்கக்காரர் செய்யும் பிழை இரண்டு. தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் எழுதுவது முதல் பிழை. தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், விடுபட்டதைவிடத் தவறான பதிவு கேடு. இரண்டாவது, மைனா, சிட்டு, காகம் எல்லாம் சாதாரணம் என்று எழுதாமல் விடுவது. அவையும் தரவுதான்.

காகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமாவாசையன்று நம் வீடுகளில் சோறு வைத்து அழைக்கும் அந்தச் சாம்பல் கழுத்துக் காகம், இந்தியாவின் வீட்டுக் காகம், டர்பனுக்கு வந்து சேர்ந்த அயல் பறவை. மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பதால், 2004ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் கீழுள்ள ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் மிகக் கடுமையான 1-ஏ பிரிவில் இருக்கிறது. கண்டால் ஒழிக்க வேண்டியது என்பது அந்தப் பிரிவின் பொருள். நமக்கு முன்னோரின் பறவை, இந்த மண்ணுக்கு ஆக்கிரமிப்பாளர். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்து, பாட்டியிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை இந்தத் தொழிலில் பெரிய இடத்துக்குப் போகும்.

பதிவு செய்யத் தூரம் போக வேண்டியதில்லை. சாட்ஸ்வொர்த்திலேயே சில்வர்க்ளென் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள மூலிகைச் செடிப் பண்ணை, பட்டைக்காகவும் கிழங்குக்காகவும் காட்டில் சூறையாடப்படும் செடிகளை வளர்க்கிறது. யெல்லோவுட் பார்க்கில் கென்னத் ஸ்டைன்பேங்க், வெஸ்ட்வில்லில் பால்மியட், டர்பன் நார்த்தில் பீச்வுட் அலையாத்திக் காடு. எல்லாம் நகருக்குள்ளேயே.

வகுப்பில் உண்மையில் என்ன கற்பீர்கள்

தொலைக்காட்சியில் சிங்கமும் காண்டாமிருகமும் வரும். பாடத்தில் முதலில் வருவது புல். எந்தப் புல் எங்கே வளர்கிறது, எதை விலங்கு தின்னும், எது அதிக மேய்ச்சலால் மண்டுகிறது என்று தெரியாதவருக்கு நிலத்தை நிர்வகிக்கத் தெரியாது. ஐம்பது புல் வகைகளைக் கதிரைப் பார்த்துப் பெயர் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்யத் தயாராகுங்கள்.

அடுத்து அயல் செடிகள். உண்ணிச்செடியை எடுத்துக்கொள்வோம், அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இன்று குவாசுலு-நேட்டால் கரையோரம் முழுக்கப் புதராக மண்டிக் கிடப்பது. அதை அகற்றும் முறை எளிது, ஆனால் நுணுக்கம் உண்டு. தண்டைத் தரையை ஒட்டி, மட்டமாக வெட்ட வேண்டும். வெட்டிய உடனேயே வெட்டுப்பரப்பில் பதிவு பெற்ற களைக்கொல்லியைத் தடவ வேண்டும். அதில் வண்ணம் கலந்திருப்பார்கள், எந்தத் தண்டுக்குத் தடவினோம் எதை விட்டோம் என்று தெரிவதற்காக. வெட்டுகிறவர் முன்னே போய், மருந்து தடவுகிறவர் அரை மணி நேரம் கழித்து வந்தால் வெட்டுப்பரப்பு காய்ந்துவிடும், மருந்து உள்ளே இறங்காது, ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்து தளிர் வரும். எனவே இருவரும் ஜோடியாக நகர வேண்டும். புதர் போனதும் வெயில் தரையில் படும், மண்ணில் கிடந்த விதையெல்லாம் முளைக்கும். அதைத் தொடர்ந்து வந்து பிடுங்கப் பணம் ஒதுக்காத திட்டம், செய்யாத திட்டத்தைவிட மோசம். தேர்வில் இந்தத் 'தொடர் அகற்றல்' கேள்வி வராமல் இருக்காது. வேலையிலும் அதுதான் கேள்வி.

இன்னொன்றை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். இங்கே வேலியோரங்களில் வேம்பு போல நிற்கும் மரம் பல இடங்களில் வேம்பு இல்லை, மலைவேம்பு. அது ஆக்கிரமிப்புப் பட்டியலில் உள்ள மரம். கொய்யாவும் இந்த மாகாணத்தில் பட்டியலில் இருக்கிறது.

தானியங்கி கேமரா வைப்பதை இரண்டாம் வருடத்தில் சொல்லித் தருவார்கள். சிறுத்தைக்கு என்றால் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் உயரம், முழங்கால் அளவு. பாதையின் இரு பக்கமும் இரண்டு கேமரா வேண்டும், ஏனென்றால் சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடுவோம். இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் சற்று விலக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் ஒளி மற்றதன் படத்தைக் கெடுக்கும். நாம் இருப்பது தென் கோளம், சூரியன் வடக்கே சாய்ந்து போகும். கிழக்கு மேற்காகத் திருப்பினால் காலையும் மாலையும் வெயில் நேரே விழுந்து வெற்றுப் படமாகக் குவியும். வாய்ப்பிருந்தால் தெற்கு நோக்கி வையுங்கள். முன்னால் உள்ள புல்லை வெட்டுங்கள், காற்றில் ஆடும் ஒரு புல் இதழ் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான படம் எடுக்க வைத்துவிடும். கடைசியாகத் தேதியும் நேரமும். ஒரு கேமராவில் வருடம் தவறாக இருந்தால் மூன்று மாத உழைப்பு வீண்.

தீ மூட்டுவதும் பாடம்தான். புல்வெளி அவ்வப்போது எரிந்தால்தான் புல்வெளியாக இருக்கும், எரியாமல் விட்டால் பழைய புல் அடர்ந்து மூச்சுமுட்டும், புதர் ஏறும். குளிர்காலத் தொடக்கத்தில் தீத்தடுப்புக் கோடு, குளிர் முடிந்து மழை தொடங்கும் சமயம் பெரிய எரிப்பு என்பது பொது வழக்கம். உள்நாட்டிலிருந்து சூடாக வீசும் பெர்க் காற்று வரும் நாளில் தீக்குச்சியைத் தொடவே கூடாது. 1998ஆம் ஆண்டின் 101ஆம் எண் சட்டம் நில உரிமையாளருக்கு இதில் கடமைகளை விதிக்கிறது. அண்டை நிலத்தாருக்குச் சொல்லாமல் எரித்தால் வழக்கு வரும்.

பி.எஸ்சி. மாணவருக்கு இவற்றோடு புள்ளியியலும் நிலப்பட மென்பொருளும். 'ஆர்', 'கியூஜிஸ்' இரண்டும் இலவசம். முதல் வருட விடுமுறையிலேயே தொடங்குங்கள். இவை தெரிந்தவருக்கு ஆய்வுக்குழுக்களில் இடம் தேடி வரும்.

களப்பயிற்சிக் காலம்: இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்

டிப்ளோமா மாணவர் பாடம் எல்லாம் முடித்தும் பட்டயம் வாங்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம் களப்பயிற்சி இடம் கிடைக்காததுதான். அது கல்லூரி கையில் வைத்துத் தரும் பொருளல்ல. இரண்டாம் வருடத்தின் நடுவிலேயே தேடத் தொடங்குங்கள். மாகாண அமைப்பான எசெம்வெலோ, தேசியப் பூங்கா அமைப்பான சான்பார்க்ஸ், நகராட்சிக் காப்பகங்கள், தனியார் காப்பகங்கள் எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். பொதுவான ஒரே கடிதத்தை ஐம்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, அந்தக் காப்பகத்தில் என்ன பிரச்சினை இருக்கிறது என்று படித்து, அதில் உங்களால் என்ன செய்ய முடியும் என்று எழுதிய பத்துக் கடிதம் மேல்.

சம்மதம் வந்தபின் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: தங்குமிடம் உண்டா, மாதப்படி உண்டா, மேற்பார்வையாளரின் தகுதி கல்லூரி ஏற்கக்கூடியதா, கல்லூரி கேட்கும் ஒவ்வொரு பிரிவையும் அங்கே செய்ய முடியுமா. வேலியே இல்லாத நகர்ப்புறக் காப்பகத்தில் வேலி மேலாண்மை அறிக்கை எழுத முடியாது, முன்பே தெரிந்தால் அதற்கு மட்டும் இரண்டு வாரம் வேறிடம் போகலாம். குறிப்பேட்டை அன்றாடம் எழுதி, மாதம் ஒருமுறை கையொப்பம் வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் வேலை மாறிப் போய்விட்டால் பழைய மாதங்களுக்கு யாரும் கையொப்பமிட மாட்டார்கள்.

மாகாணத்தின் வடகோடியிலுள்ள மாபுட்டாலாண்ட் பக்கம், க்ரூகர் பக்கம் என்றால் மலேரியா உண்டு. செப்டம்பர் முதல் மே வரை அதன் காலம், மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை கேட்டுப் போங்கள். புல்லில் நடந்து வந்த ஒவ்வொரு மாலையும் உடம்பில் உண்ணி பார்க்க வேண்டும். காய்ச்சலும் தலைவலியும் கடித்த இடத்தில் கறுத்த புண்ணும் வந்தால் உண்ணிக் காய்ச்சல், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு.

வீட்டில் அம்மாக்கள் கேட்கத் தயங்கும் கேள்வி சாப்பாடு. முகாமில் பாப் என்ற சோளமாவுக் களியும் இறைச்சியும்தான் வழக்கம். புரட்டாசி விரதம் இருப்பவரும் சைவம் உண்பவரும் தயங்காமல் முன்கூட்டியே சொல்லலாம். ஒரு சிறிய எரிவாயு அடுப்பு, துவரம்பருப்பு, மசாலா, டின் பீன்ஸ் இருந்தால் எந்த முகாமிலும் சமாளிக்கலாம்.

ஜூலு மொழி இங்கேதான் சோதிக்கப்படும். காப்பகத்தைச் சுற்றியுள்ள நிலம் பல இடங்களில் பாரம்பரியத் தலைவர்களின் கீழ் இருக்கிறது. ஒரு கிராமத்துக்குள் வேலையாகப் போவதற்கு முன் இண்டுனாவை, அதாவது தலைவரின் கீழுள்ள ஊர்ப் பெரியவரை, பார்த்து வணங்கிப் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். "சனிபோனானி" என்று ஜூலுவில் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவுகிறவரையும், குடும்பம் மழை மாடு என்று பத்து நிமிடம் அவர்கள் மொழியில் பேசுகிறவரையும் அவர்கள் ஒன்றாக நடத்த மாட்டார்கள். காப்பகத்தின் உயிர் வேலிக்கு வெளியே இருக்கும் மக்களின் நல்லெண்ணத்தில் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பில் இதைத்தான் நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்போம்.

என்னென்ன வேலை

களக் காவலரும் பகுதி ரேஞ்சரும் எல்லோருக்கும் தெரிந்த வேலை. ரோந்து, கம்பிக் கண்ணி அகற்றுவது, விலங்குக் கணக்கு, சாலை, நீர்நிலை. துப்பாக்கி ஏந்தும் பணிக்கு 2000ஆம் ஆண்டின் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்று வேண்டும். காண்டாமிருக வேட்டை நடக்கும் இடங்களில் இது ஆபத்தான வேலை, வீட்டில் வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காப்பகம் 1895 முதல் பாதுகாக்கப்பட்ட நிலம். 1960களில் அங்கிருந்துதான் வெள்ளைக் காண்டாமிருகங்களை மற்ற இடங்களுக்கு அனுப்பி அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள். அந்த வரிசையில் நிற்கிற வேலை இது.

சூழலியலாளர் தரவை வைத்து முடிவு சொல்பவர். மாபுட்டாலாண்ட் கடற்கரையில் 1963 முதல் ஆண்டுதோறும் கடலாமை முட்டையிடுவதைக் கணக்கெடுக்கிறார்கள். ஒரு தலைமுறை தொடங்கியதை அடுத்த தலைமுறை விடாமல் எண்ணுவதால்தான் எந்த ஆமை பெருகியது, எது பெருகவில்லை என்று தெரிகிறது. கடல் பக்கம் போகிறவருக்கு 'கிளாஸ் 4' என்ற தொழில்முறை முக்குளிப்புச் சான்று தேவைப்படும். பொழுதுபோக்கு முக்குளிப்புச் சான்று ஆய்வுப் பணிக்குச் செல்லாது.

தாவரப் பணிகளை நம் பிள்ளைகள் குறைவாக நினைக்கிறார்கள். டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் வுட் சைக்காட் மரத்தைப் போய்ப் பாருங்கள். 1895இல் ஜான் மெட்லி வுட் ஙொயே காட்டில் கண்டெடுத்த ஒரே ஒரு ஆண் செடி. பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை. உலகில் இன்றுள்ள எல்லாம் அந்த ஒன்றின் கன்றுகள். அவர் 1882இல் டர்பனில் தொடங்கிய உலர்தாவரக் காப்பகம் இன்றும் இயங்குகிறது. அங்கே போகும் மாதிரியில் செடி மட்டும் இருந்தால் போதாது. இடம், ஆயத்தொலைவு, உயரம், மண், தேதி, பூவின் நிறம் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்தால் நிறம் போய்விடும்.

சுற்றுச்சூழல் ஆலோசகர் வேலையில் தனியார் பணியிடம் அதிகம். சாலை, சுரங்கம், வீட்டுமனை எது வந்தாலும் பாதிப்பு மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டாளர் எயாபாசா என்ற அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அறிக்கையை நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு இங்கே எப்போதும் வேலை உண்டு.

சட்ட அமலாக்கத்தில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், மக்கள் பச்சைத் தேள்கள் என்பார்கள். 1995இல் தொடங்கிய 'வர்க்கிங் ஃபார் வாட்டர்' போன்ற அயல் செடி அகற்றும் திட்டங்களில் மேற்பார்வையாளர் வேலை கிடைக்கும். களைக்கொல்லியைக் கையாளுகிறவருக்கு 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவு தேவை, அதை மாணவராக இருக்கும்போதே வாங்கியவர் முன்னால் நிற்பார்.

கடைசியாக, சமூகப் பணியும் சூழல் கல்வியும். டர்பன் கரையிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் பூசைக்குப் பிறகு துணியும் பிளாஸ்டிக்கும் மிதக்கின்றன. வெளியார் வந்து சொன்னால் நம் பெரியவர்களுக்குக் கோபம் வரும். கோயில் கமிட்டியில் உட்கார்ந்து, தாத்தா பாட்டியை முறை சொல்லி அழைத்து, வாழையிலையும் பூவும் தேங்காயும் போதும், மற்றதைத் திரும்ப எடுத்துப்போவோம் என்று தமிழ்ப் பிள்ளையால் பேச முடியும். இந்த வேலைக்கு நம் சமூகத்திலிருந்து ஆள் போதவில்லை.

அரசுப் பணியிடங்கள் குறைவு, ஒன்றுக்கு விண்ணப்பம் குவியும். முதல் சில வருடம் ஒப்பந்த வேலையாக, வீட்டிலிருந்து தொலைவாக இருக்கும். சம்பளமும் பொறியியல், கணக்கியல் அளவுக்கு இராது. பெற்றோர் இதை இரண்டாம் வருடத்தில் அதிர்ச்சியாகக் கேட்பதைவிட இப்போதே கேட்பது நல்லது.

பதிவு: முதல் நாளிலிருந்தே

2003ஆம் ஆண்டின் 27ஆம் எண் சட்டத்தின் கீழ் இயற்கை அறிவியலாளர்களைப் பதிவு செய்வது சாக்நாஸ்ப் என்ற அமைப்பு. தாவர, விலங்கு நிபுணர் அறிக்கையில் கையொப்பமிட இந்தப் பதிவு வேண்டும். படித்து முடித்ததும் முதலில் பயிற்சிநிலைப் பதிவு. நான்கு வருடப் படிப்பும் மூன்று வருட அனுபவமும் சேர்ந்தால் முழுத் தொழில்முறைப் பதிவு. டிப்ளோமா முடித்தவருக்கும் தனி வகை உண்டு.

விண்ணப்பத்தில் நீங்கள் செய்த பணிகளை விவரித்து, அவற்றை அறிந்த மூத்தவர்களின் சான்றையும் சேர்க்கச் சொல்வார்கள். நான்கு வருடம் கழித்து உட்கார்ந்து நினைவுபடுத்தினால் பாதி வராது. அதனால் முதல் வேலையின் முதல் மாதத்திலேயே ஒரு கோப்பு திறந்து, ஒவ்வொரு பணிக்கும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன செய்தோம், எந்த முறையில், அதில் உங்கள் பங்கு எது, யார் மேற்பார்வை. அறிக்கைகளின் நகலை உங்கள் சொந்தக் கணக்கிலும் சேமியுங்கள், அதற்கு நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஒப்பந்தம் முடியும் நாளில் அலுவலக மின்னஞ்சல் அணைந்துவிடும்.